மட்டக்குளி வீடொன்றில் ஈயமணி அழுத்தும் வேலை: ஒரு நிகழ்வு ஆய்வு

வலைக்கு ஈயமணி செய்துவந்த ஒருவரின் மூன்று வயதுப் பேத்தியின் இரத்தத்தில் ஈயம் சேர்ந்த நிகழ்வு இது. இந்த ஆய்வில் வருபவர்களின் பெயர்களும் வீட்டின் சரியான இடமும் அவர்களுடைய விருப்பப்படி தவிர்க்கப்பட்டுள்ளன. நான் தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறையில் வேலை செய்யும் பொறியியலாளன்; வைத்தியன் அல்லன். சிகிச்சை பற்றிய முடிவுகள் யாவும் குழந்தையைப் பார்த்த வைத்தியர்களுடையவை. ஈயம் எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்குள் தேடும் பணி மட்டும் என்னிடம் விடப்பட்டது. அதில் முதல் தடவை நான் தவறினேன். இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பின்னணி

கொழும்பு 15இல், களனி கங்கையின் கழிமுகத்துக்கு அண்மையில் உள்ள ஒழுங்கை ஒன்றில், மூன்று தலைமுறையினராக ஆறு பேர் வாழும் வீடு அது. வீட்டுப் பெரியவருக்கு 61 வயது. லேத் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு, வீச்சுவலையின் அடிக்கயிற்றில் பூட்டும் ஈயமணிகளைச் செய்து முகத்துவாரத்து மீனவர்களுக்கு விற்றுவந்தார். மூத்த பேரனின் டியூஷன் செலவு முழுவதும் அந்த வருமானத்தில்தான் நடந்தது என்பதை இங்கே குறித்துவைக்க வேண்டும். பின்னால் எடுத்த முடிவுகளில் அந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் குறுக்கே வந்தது.

முதல் இரண்டு ஆண்டுகள் அவர் உருக்கி வார்க்கும் முறையையே கையாண்டார். வீட்டின் பின்புறத்துத் தகரப் பத்தியில் காஸ் அடுப்பு, அதன்மேல் இரும்புச் சட்டி, பக்கத்தில் அலுமினிய அச்சு. ஈயம் 327.5 பாகை செல்சியஸில் உருகிவிடுவதால் அதற்கு உலை எதுவும் தேவைப்படவில்லை. டயர் கடைகளில் கழற்றி எறியப்படும் சக்கரச் சமநிலைத் துண்டுகளையும், பழைய நிலத்தடிக் கேபிள்களின் ஈய உறையையும் நிறுத்து வாங்குவார். சக்கரத் துண்டுகளுக்குள் நாகத்தால் (துத்தநாகத்தால்) செய்தவையும் கலந்துவரும் என்பதும், நாகம் உருக 419.5 பாகை வேண்டும் என்பதால் தீயை அடக்கி வைத்தால் அவை உருகாமல் மேலே மிதக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன. பற்றறித் தகடுகளை அவர் ஒருபோதும் தொட்டதில்லை. அவற்றிலுள்ள அந்திமனியும் ஆர்செனிக்கும் கசடு நனையும்போது நச்சு வாயுவாக எழக்கூடும் என்பதைப் பட்டறையிலேயே கேள்விப்பட்டிருந்தார். ஆகவே இது விஷயம் தெரியாத ஒருவரின் கதை அன்று.

மழைக்காலம் ஒன்றில் சாக்கில் இருந்த சக்கரத் துண்டுகள் நனைந்திருக்கின்றன. அதைக் கவனியாமல் ஒரு கைப்பிடியை உருகிய ஈயத்தில் போட்டபோது, அடியில் அகப்பட்ட நீர் ஒரே கணத்தில் ஆவியாகி, தன் கனவளவைப் போல் ஏறத்தாழ 1,700 மடங்காக விரிந்து, சட்டியிலிருந்த ஈயத்தைக் கூரைத் தகரம்வரை தெறிக்கவிட்டது. பெரியவரின் வலது முன்கையில் நான்கு இடங்களில் தீக்காயம் ஏற்பட்டது. "இனி இந்த அடுப்பு இந்த வீட்டில் எரியக்கூடாது, அப்பா" என்று மகள் சொல்லிவிட்டார்.

அழுத்தியின் வருகை

லண்டனில் வாழும், பெரியவருக்கு மருமகன் முறையான ஒருவர் காற்றுத் துப்பாக்கிப் பொழுதுபோக்கில் ஈடுபாடுள்ளவர். வெற்றுத் தோட்டா உறைகளை மீள நிரப்புவதற்கு அங்கே விற்கப்படும் ரீலோடிங் பிரஸ் என்னும் நெம்புகோல் அழுத்தியில், உறை நிரப்பும் அச்சுக்குப் பதிலாக வேறோர் அச்சைப் பூட்டி, மென்ஈயக் கம்பித் துண்டுகளை உருக்காமலே அழுத்தி 5.5 மில்லிமீற்றர்க் குண்டுகளாக அவர் செய்துகொள்வதைப் பெரியவர் வீடியோ அழைப்பில் பார்த்தார். இடுப்புச் சிறுத்துப் பாவாடை போல் விரிந்த வழமையான குண்டு காற்றின் இழுப்பினால் நேராகப் பறக்கும். இவ்வாறு அழுத்திச் செய்யும் உருளைவடிவக் குண்டோ குழாயின் உட்சுருள் தரும் சுழற்சியை நம்பியே பறக்கும். அதனால் ஒவ்வொரு குண்டின் விட்டமும் எடையும் நுட்பமாக ஒத்திருக்க வேண்டும். எடையை ஒப்பாக்குவதற்கென்றே அச்சின் பக்கத்தில் ஒரு நுண்ணிய கசிவுத் துளை விடப்பட்டிருக்கும். தேவைக்கு மிஞ்சிய ஈயம் அந்தத் துளைவழியே இடியப்பம் பிழிவதுபோல் நூலாக வெளியேறிவிடும்.

பெரியவருக்குத் துப்பாக்கியும் வேண்டியிருக்கவில்லை, குண்டும் வேண்டியிருக்கவில்லை. நெருப்பில்லாத முறை ஒன்று வேண்டியிருந்தது. பஞ்சிகாவத்தையில் கை நெம்புகோலால் இயங்கும் அழுத்தியான ஆர்பர் பிரஸ் ஒன்றைப் பழையதாக வாங்கினார். பழகிய பட்டறையில் அச்சைத் தாமே கடைந்தார். ஒரு பக்கம் வாய் பிளந்த மணி கிடைக்கும்படி அச்சுக்குள் இறங்கி அழுத்தும் தண்டான பஞ்ச்சின் முனையில் ஓர் அலகையும் வைத்தார். மீனவர் அந்தப் பிளவைக் கயிற்றில் மாட்டிக் குறட்டால் நெரித்துவிட்டால் போதும். நேர்த்தியான வேலை, பார்த்தபோது எனக்கே பொறாமையாக இருந்தது. மருமகன் காட்டிய அச்சிலிருந்த கசிவுத் துளையையும் அவர் அப்படியே நகல் எடுத்திருந்தார்.

அடுப்பு இல்லாததால் தகரப் பத்தியின் வெக்கையில் உட்கார வேண்டிய தேவையும் இல்லாமற்போனது. அழுத்தி வீட்டு விறாந்தைக்கு வந்தது. வீட்டிலுள்ள எல்லோரும் அதை வரவேற்றார்கள்.

நோய்க்குறிகள்

அழுத்தி விறாந்தைக்கு வந்து நான்காம் மாதமளவில், மூன்று வயதுப் பேத்தி அடிக்கடி வயிற்றுவலி என்று அழத் தொடங்கினாள். மலச்சிக்கல் இருந்தது, சாப்பாட்டில் மனமில்லை. பரிசோதனையில் இரத்தச்சோகை தெரிந்ததால் இரும்புச்சத்துப் பாணி கொடுக்கப்பட்டது. இரண்டு மாதங்களாகியும் ஹீமோகுளோபின் எதிர்பார்த்தபடி ஏறவில்லை. இரத்தப்பூச்சைப் பார்த்த வைத்தியர் சிவப்பணுக்களில் நீலப் புள்ளிகள் இருப்பதைக் கவனித்து, "வீட்டில் யாராவது பற்றறி, பெயின்ட், ஈய வேலை ஏதும் செய்கிறார்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இந்த நிகழ்வின் திருப்பம். குழந்தையின் தாய், தம் தகப்பனார் செய்யும் ஈயமணி வேலையைச் சொன்னார். குழந்தையின் இரத்த ஈய அளவு ஒரு டெசிலீற்றருக்கு 24 மைக்ரோகிராம் எனவும், பெரியவருடையது 38 எனவும் வந்தன.

இரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று சொல்லக்கூடிய எல்லை எதுவும் இல்லை. 5 மைக்ரோகிராமை எட்டினாலே மூலத்தைத் தேடி அகற்ற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. ஈயத்தைப் பிணைத்துச் சிறுநீரோடு வெளியேற்றும் மருந்துகள் குழந்தைகளுக்குப் பொதுவாக 45ஐ எட்டும்போதே தொடங்கப்படுகின்றன. எனவே வைத்தியர்கள் மருந்துக்குப் போகாமல், இரும்புச்சத்தைத் தொடர்ந்து கொடுக்கவும், மூலத்தை அகற்றவும், ஒரு மாதத்தில் மீண்டும் அளக்கவும் தீர்மானித்தார்கள். இரும்புச்சத்து குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால் அந்தப் பாணி இரட்டை வேலை செய்தது.

முதல் வருகையும் என் தவறும்

குழந்தையின் தகப்பனார் என் நண்பர். மூலத்தைத் தேடித் தரும்படி என்னை அழைத்தார். நான் நேரே தகரப் பத்திக்குப் போனேன். அழுத்தி வந்த பிறகும் நெருப்பு முற்றாக நின்றிருக்கவில்லை. அழுத்துவதற்குக் கம்பி வேண்டும். அந்தக் கம்பிக்காக வாரத்தில் ஒருநாள், மகள் கடைக்குப் போகும் நேரமாகப் பார்த்து, பெரியவர் கேபிள் உறையை உருக்கி அலுமினியக் கோணப் பட்டியில் ஊற்றிவந்தார். கரிபிடித்த சட்டியையும் கூரையின் கறையையும் கண்டதும் புகைதான் காரணம் என்று மனத்துக்குள் தீர்ப்பெழுதிவிட்டேன். உருக்குவதை உடனே நிறுத்தச் சொன்னேன், கம்பியை வெளியே செய்வித்துக்கொள்ளச் சொன்னேன், பத்தியைப் பூட்டுவித்தேன். விறாந்தையில் இருந்த அழுத்தியைப் பார்த்து, "இது பரவாயில்லை, ஐயா. சூடு இல்லாத வேலைதானே" என்று சொன்னதும் நானே.

ஒரு மாதம் கழித்துக் குழந்தையின் அளவு 26ஆக இருந்தது.

இரத்தத்திலுள்ள ஈயம் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும். எலும்பில் படிந்தது மெல்ல மெல்லத் திரும்பி வருவதால் நடைமுறையில் அதைவிடத் தாமதமாகும். என்றாலும் மூலம் அடைபட்டிருந்தால் அளவு ஏறியிருக்க முடியாது. நான் மறந்த விஷயம் பாடநூல் விஷயந்தான். ஈயத்தின் கொதிநிலை 1,749 பாகை. 350, 400 பாகையில் வைத்த சட்டியிலிருந்து ஆவியாக எழுவது மிகச் சொற்பம். வீட்டு வேலையில் ஈயம் உடலுக்குள் போகும் பெருவழி கசடு, தூசி, கை, வாய் என்பதே. பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்களவே இரத்தத்தில் சேர்கிறது. சிறு குழந்தைகளிலோ ஏறத்தாழ பாதி சேர்ந்துவிடும்.

இரண்டாம் வருகை: ஒரு காலைப்பொழுது

இந்த முறை கருவிகளைப் பார்க்கப் போகவில்லை. விறாந்தையின் மூலையில் ஒரு கதிரையைப் போட்டு, காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றுவரை பெரியவரின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையைத் தாய் உள்ளறையில் வைத்திருந்தார்.

கம்பியைக் குறட்டால் வெட்டுகிறார். வெட்டும்போது பொடித்துகள் தெறிக்கிறது. வலது சுட்டுவிரலைத் தேங்காய் எண்ணெய்ச் சிரட்டையில் தொட்டுத் துண்டின்மேல் தடவுகிறார். அச்சில் இட்டு நெம்புகோலை இழுக்கிறார். கசிவுத் துளையிலிருந்து தலைமயிர் போன்ற ஈய நூல் சுருண்டு வருகிறது; அதைப் பெருவிரல் நகத்தால் கிள்ளி நிலத்தில் உதறுகிறார். மணியை எடுத்து, பிளவின் ஓரத்தில் நிற்கும் பிசிறையும் அதே நகத்தால் உரிக்கிறார். பத்துப் பதினைந்து மணிகளுக்கு ஒருமுறை கையைச் சாரத்தில் துடைக்கிறார். ஒன்பதரைக்குத் தேநீர் வந்தது. வெள்ளைக் கோப்பையின் விளிம்பில், உதடு படும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பென்சிலால் தீட்டியதுபோல் சாம்பல்நிற விரலடையாளம் ஒன்று பதிந்தது. மேசைக்கடியில் கிடந்த கேபிள் உறைச் சாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். கடற்காற்றில் பூத்திருந்த வெண்பொடி, ஈயத்தின் காபனேற்று, சிவப்புச் சீமெந்துத் தரையில் மாவுபோல் உதிர்ந்தது.

வேலை முடிந்ததும் அம்மம்மா தும்புத்தடியுடன் வந்தார். கூட்டும்போது தரையில் கிடந்தது எழுந்து, சாய்ந்து விழுந்த வெயிலில் மினுங்கியது. பிறகு அதே விறாந்தையில் பாய் விரிக்கப்படும். பேத்தி மத்தியானம் அந்தப் பாயில் படுத்துத்தான் தூங்குவாள். பின்னேரத்தில் தாத்தாவின் மடியில், அதே சாரத்தின்மேல், விரல் சூப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அன்று மாலை பெரியவருக்கு ஒரு கணக்கைக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமும் 0.1 மில்லிமீற்றர் உள்ள ஈயத்துகள், அதாவது கண்ணுக்கு ஒரு புள்ளியாக மட்டும் தெரியக்கூடியது, 11 மைக்ரோகிராம் எடையுள்ளது. உணவின் மூலம் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்குச் சேரக்கூடிய ஈயத்தைக் கணிக்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் ஒப்பீட்டு அளவு 2.2 மைக்ரோகிராம். அப்படியொரு துகளே ஐந்து நாளின் கணக்கு. அவர் நெடுநேரம் பேசவில்லை. "நெருப்புத்தான் சுடும் என்று நினைத்தேன், தம்பி" என்றார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வேலை அன்றே நிறுத்தப்பட்டது. தாயும் இரண்டு பிள்ளைகளும் வெள்ளவத்தையில் உள்ள உறவினர் வீட்டுக்கு மூன்று வாரங்களுக்குச் சென்றார்கள். துப்புரவாக்கும் நாட்களில்தான் தூசி மிகக் கூடுதலாகக் கிளம்பும் என்பதால், பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதைச் செய்ய நான் உடன்படவில்லை. தும்புத்தடியும் வீட்டிலிருந்த சாதாரண வக்கியூம் கிளீனரும் விலக்கப்பட்டன. சாதாரண வக்கியூமின் வடிகட்டி நுண்தூசியைப் பின்பக்கத்தால் மீண்டும் அறைக்குள் ஊதிவிடும். சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்து, வேறு வாளியில் அலசி, துணிகளைக் கட்டி அகற்றி, தரையை மூன்று சுற்று செய்தோம். சீமெந்துத் தரையின் வெடிப்புகளைக் கழுவியபின் பூசி மூடினோம். பாயும் இரண்டு தலையணைகளும் கழிக்கப்பட்டன. தகரப் பத்தியின் பின்னால், முருங்கை மரத்தடியில், இரண்டு ஆண்டுக் கசடு கொட்டப்பட்டிருந்தது. அந்த மண்ணை நனைத்து வெட்டி மூடிய வாளிகளில் எடுத்து, பழைய ஈயம் சேகரிப்பவரிடம் கசடோடு கையளித்தோம். முருங்கையிலை பறிப்பதை அம்மம்மா தாமாகவே நிறுத்திவிட்டார்.

கடினமானது தொழிலைப் பற்றிய முடிவு. முற்றாக விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. ஈயத்துக்குப் பதிலாக வலையின் அடியில் இரும்புச் சங்கிலி கோக்கலாம் என்று யோசனை சொன்னேன். ஈயத்தின் அடர்த்தி 11.34, இரும்பினது 7.87, அதே எடைக்குச் சங்கிலி பருக்கும், உப்புநீரில் துருவும், வலையும் மெதுவாகத் தாழும் என்று மீனவர்கள் ஏற்கவில்லை. வருமானம் வேண்டும் என்பதில் பெரியவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இறுதியில், அவர் முன்பு வேலை செய்த பட்டறையின் தனி மூலை ஒன்றுக்கு அழுத்தி மாற்றப்பட்டது. அங்கே கைகழுவும் தொட்டி இருக்கிறது, குழந்தைகள் வருவதில்லை, வேலைச் சாரமும் செருப்பும் அங்கேயே தங்கும், நகத் தூரிகையால் கழுவாமல் தேநீர் இல்லை. பட்டறை உரிமையாளரிடம் ஆபத்தை முழுமையாகச் சொன்ன பிறகே இதற்கு இணங்கினேன்.

அச்சிலும் ஒரு மாற்றம் செய்தோம். கசிவுத் துளை குண்டுக்குத் தேவையானது; வலைமணிக்குத் தேவையே இல்லை. கால் கிராம் கூடினாலும் குறைந்தாலும் வலைக்குத் தெரியப்போவதில்லை. துளையை உருக்குத் திருகாணியால் அடைத்ததும் ஈய நூல் வருவது நின்றது. மிச்ச ஈயம் மணியின் நீளத்தில் சேர்ந்துகொண்டது. தூசியின் பெரும்பகுதியை உண்டாக்கிய அந்த நுட்பம் யாருக்கும் பயன்படாத நுட்பமாகவே ஆறு மாதங்களுக்கு மேல் விறாந்தையில் இயங்கிவந்திருக்கிறது. இதைப் பெரியவரிடம் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. அவரோ சிரித்துவிட்டு, திருகாணியைத் தாமே கடைந்து கொண்டுவந்தார்.

அதன்பின் நிகழ்ந்தவை

வீட்டைத் துப்புரவாக்கி மூன்று மாதங்களில் குழந்தையின் அளவு 13ஆகவும், எட்டாம் மாதம் 7ஆகவும் இறங்கியது. வயிற்றுவலி அதற்கு முன்பே நின்றிருந்தது, ஹீமோகுளோபின் ஏறியது. ஈயம் மூளை வளர்ச்சியில் விட்டுச்செல்லும் பாதிப்பு பிறகே வெளிப்படலாம் என்பதால் பாடசாலை வயதுவரை அவளைக் கண்காணிப்பில் வைத்திருக்க வைத்தியர்கள் முடிவு செய்துள்ளார்கள். பெரியவரின் அளவு எட்டாம் மாதம் 19. பல ஆண்டுகளாக எலும்பில் சேர்ந்தது அவ்வளவு விரைவில் இறங்காது. வருமானம் மூன்றில் ஒரு பங்களவு குறைந்தது. பட்டறைக்குப் போய்வரும் பஸ் கட்டணமும் வேலை நேரம் சுருங்கியதும் அதற்குக் காரணங்கள்.

மாற்றிச் செய்யவேண்டியவை

முதல் நாளிலேயே வீட்டிலுள்ள ஆறு பேரின் இரத்தத்தையும் சோதிக்கச் சொல்லியிருக்க வேண்டும். மூத்த பேரனை யாரும் நினைக்கவில்லை. மூன்று மாதங்களுக்குப் பிறகு சோதித்தபோது அவனுக்கும் 9 இருந்தது. அதன் உச்சம் எவ்வளவாக இருந்தது என்பதை இனி அறிய வழியில்லை. இத்தகைய சந்தேகம் எழுந்தால் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் நிலையத்திடம் விசாரிக்கலாம் என்பதும் எனக்குப் பிந்தித்தான் நினைவுக்கு வந்தது.

வேலையிடத்தைப் பார்க்கப் போனால், வேலை நடக்காத நேரத்தில் நான் இனிப் போவதில்லை. பூட்டிய பத்தியும் துடைத்த மேசையும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மணிநேரம் ஒருவரின் பெருவிரல் நகத்தைப் பார்த்ததே சொன்னது. பெரியவர் இப்போது பட்டறையில் தேநீர் குடிப்பது கறுப்புக் கோப்பையில் அல்ல, வெள்ளைக் கோப்பையில். விளிம்பில் அடையாளம் விழுந்தால் தெரிய வேண்டும் என்று தாமே தேடி வாங்கியது அது.